சின்ன வயதில் உயிராகப் பார்த்த மாயாஜாலப் படத்தை இப்போது மறுபடி பார்ப்பது எப்படி

சின்ன வயதில் திரும்பத் திரும்பப் பார்த்த மாயாஜாலப் படம் ஒன்று எல்லோருக்கும் இருக்கும். ராஜகுமாரி தூங்கிப்போகும் படம், கண்ணாடி பேசும் படம், சூனியக்காரி வந்தால் தலையணைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்த படம், ஏதோ ஒன்று. வளர்ந்த பிறகு அதைத் தேடிப்பிடித்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக முடிக்கிறார்கள். அரை மணி நேரத்தில் "இதையா அப்படி வாயைப் பிளந்து பார்த்தோம்" என்று நிறுத்திவிடுவது ஒன்று. திரையில் என்ன ஓடுகிறது என்றே கவனிக்காமல் பழைய நாட்களை நினைத்துக் கண் கலங்கிவிட்டு எழுந்து போவது இன்னொன்று. இரண்டிலும் படத்தைப் பார்த்த மாதிரி ஆகவில்லை.

என்னைக் கேட்டால், உங்களிடம் அந்தப் படத்துக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று எடுத்தவர்கள் எடுத்து முடித்தது. இன்னொன்று உங்கள் தலைக்குள் இத்தனை வருடமாகத் தன் பாட்டுக்கு மாறிக்கொண்டே வந்திருப்பது. முதலாவதற்கு இப்போது உட்கார்ந்து மார்க் போடுவதில் பெரிய சுவாரசியம் கிடையாது. இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். அதைத்தான் கீழே சொல்கிறேன்.

போடுவதற்கு முன் எழுதுங்கள்

படத்தைப் போடுவதற்கு முன், டிரெய்லர் பார்ப்பதற்கு முன், விக்கிப்பீடியாவில் கதைச்சுருக்கத்தைப் படிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து நினைவில் இருப்பதை எழுதிவிடுங்கள். கதை எப்படி ஆரம்பிக்கிறது, எப்படி முடிகிறது, எந்தக் காட்சியில் பயந்தீர்கள், யார் மேல் கோபம் வந்தது, எந்தப் பாட்டு, அது கதையில் எந்த இடத்தில் வருகிறது, எந்தக் காட்சி ரொம்ப நீளம், எது என்ன நிறம். தெரியாததற்குக் கோடு போட்டு விட்டுவிடுங்கள், யோசித்து நிரப்ப வேண்டாம். ஆலிபாபா கதையைப் பார்த்தவருக்குக் குகைக் கதவைத் திறக்கும் மந்திரம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கதவு திறந்த பிறகு உள்ளே யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றமும் தாளில் இருக்கட்டும்.

இதைத் தாண்டிப்போகத்தான் மனம் வரும், எதற்கு வீட்டுப்பாடம் மாதிரி என்று. ஆனால் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், பழைய நினைவைத் தனியாகப் பிரித்து எடுக்கவே முடியாது. புதிதாகப் பார்த்தது பழையதன் மேல் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் "எனக்கு இது அப்போதே தெரியும்" என்று சத்தியம் செய்வீர்கள். ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்கிற உளவியலாளர் கேம்பிரிட்ஜில் செய்த பழைய சோதனை ஒன்று இருக்கிறது. 1932இல் அது புத்தகமாக வந்தது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டுப்புறக் கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார், பிறகு இடைவெளி விட்டு விட்டு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். கதை சுருங்கிக்கொண்டே போனது. புரியாத பகுதிகள் உதிர்ந்தன. பழக்கமில்லாத பொருட்களின் இடத்தில் தெரிந்தவை வந்து உட்கார்ந்தன, கதையில் இருந்த கனோ என்கிற நீளத் தோணி வெறும் படகானது, சீல் வேட்டை மீன்பிடிப்பானது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, தங்களுக்குப் புரிகிற மாதிரி கதையைச் சீர்செய்துகொண்டார்கள், அவ்வளவுதான். ஆறு வயதில் பார்த்த படத்தை நீங்களும் அப்படித்தான் இத்தனை வருடம் சீர்செய்துகொண்டு வந்திருக்கிறீர்கள். தாளில் எழுதினால்தான் அது அகப்படும்.

உங்களோடு சேர்ந்து அதே படத்தைச் சின்ன வயதில் பார்த்த அக்காவோ தம்பியோ இருந்தால் அவர்களையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்த இரண்டு பேரின் தாள்களும் ஒரே படத்தைப் பற்றியவைதானா என்று சந்தேகம் வரும்.

நீங்கள் பார்த்த அதே படம்தானா?

எல்லோரும் யோசிக்காமல் தாண்டிவிடுகிற இடம் இது. ஓடிடியில் இருப்பதைச் சொடுக்கி, முன்பு இருந்த மாதிரி இல்லையே என்று நினைப்பவர்களுக்குப் பல நேரம் நினைவு சரியாகத்தான் இருக்கும், படம்தான் வேறாக இருக்கும்.

முதலில் படத்தின் அகலம். பழைய டிவிப் பெட்டி நாலுக்கு மூன்று சதுரம். அகலத்திரைப் படத்தை அதில் நிரப்பிக்காட்ட, இரண்டு பக்கமும் வெட்டிவிடுவார்கள். 2.35க்கு 1 என்ற அளவில் எடுத்த படத்தை அந்தப் பெட்டிக்குள் நிரப்பினால் கிட்டத்தட்ட 43 சதவீதப் படம் போய்விடுகிறது. 1959இல் வந்த டிஸ்னியின் ஸ்லீப்பிங் பியூட்டி அதைவிடவும் அகலமான திரைக்காக வரையப்பட்டது, பின்னணியில் இருக்கும் காடும் கோட்டையும் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீளும் ஓவியங்கள். சதுர டிவியில் வெட்டிய பிரதியைப் பார்த்தவர்கள் அந்தப் படத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதனால் இப்போது முழு அகலத்தில் பார்க்கும்போது ஓரத்தில் ஒரு பாத்திரம் நின்றுகொண்டிருந்தால், மறந்துபோய்விட்டதே என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம், அவர் அப்போது உங்கள் பெட்டிக்குள் வரவே இல்லை.

இரண்டாவது வேகம். சினிமா நொடிக்கு 24 பிரேம். பால் (PAL) என்கிற ஒளிபரப்பு முறையில் டிவி இருந்த நாடுகளில் அது நொடிக்கு 25. பெரும்பாலும் என்ன செய்வார்கள் என்றால், படத்தையே நாலு சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். சுருதியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் பாட்டும் அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறி நிற்கும். பழைய கேசட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டு இப்போதைய பிரதியில் கொஞ்சம் கனமாக, சோம்பலாக ஒலிப்பதாகத் தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம். இசைக் காது உள்ளவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. மற்றவர்களுக்கு "என்னவோ குறைகிறது" என்று மட்டும் படும், என்ன என்று சொல்லத் தெரியாது.

மூன்றாவது, வெட்டும் இசையும். 1984இல் வந்த தி நெவர்எண்டிங் ஸ்டோரி ஜெர்மனியில் ஒரு மாதிரி வெளியானது, வெளிநாடுகளுக்கு வேறு மாதிரி போனது. வெளிநாட்டுப் பிரதி நீளத்தில் குறைவு, அதில் ஜார்ஜியோ மொரோடரின் சிந்தசைசர் இசையும் எல்லோரும் முணுமுணுக்கும் அந்தத் தலைப்புப் பாட்டும் சேர்ந்தன. ஜெர்மன் பிரதியில் அந்தப் பாட்டே கிடையாது, அங்கே இசை கிளவுஸ் டோல்டிங்கருடையது. அதே படத்தை உயிராக நேசிக்கும் இரண்டு நாட்டுக்காரர்கள் சந்தித்தால் பாட்டைப் பற்றிப் பேசவே முடியாது. 1992இன் அலாதீன் படத்தில் தொடக்கப் பாட்டின் ஒரு வரி அரபு அமெரிக்கர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த வருடமே வீட்டு வீடியோவில் மாற்றப்பட்டது. தியேட்டரில் பார்த்தவரின் நினைவும் கேசட்டில் பார்த்தவரின் நினைவும் அந்த வரியில் மோதும், இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

நிறமும் இதில் சேர்த்தி. 1939இன் தி விசார்ட் ஆஃப் ஆஸ் படத்தில் டோரத்தி என்ற சிறுமியின் ஊரான கான்சாஸில் நடக்கும் பகுதி பழுப்புச் சாயத்தில் எடுக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் டிவியில் அதை வெறும் கருப்பு வெள்ளையாகக் காட்டினார்கள், பொன்விழாவை ஒட்டி 1989இல்தான் பழுப்பு திரும்பி வந்தது. கருப்பு வெள்ளை டிவியிலேயே படத்தைப் பார்த்த குழந்தைகளின் கதி இன்னும் மோசம். டோரத்தி கதவைத் திறந்ததும் உலகமே வண்ணமாகும் அந்த இடம் அவர்களுக்கு ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும். 1956இன் அலிபாபாவும் 40 திருடர்களும் முழுநீளத் தமிழ்ப் படங்களில் முதல் வண்ணப்படம், அதையும் கருப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்து கருப்பு வெள்ளையாகவே நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அப்புறம் டப்பிங். மூலமொழிதான் உசத்தி, டப்பிங் மட்டம் என்று சொல்பவர்களிடம் இந்த விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து 1973இல் எடுத்த சிண்ட்ரெல்லா படம் ஒன்று உண்டு, மூன்று மந்திரக் கொட்டைகள் வரும் கதை, பனி கொட்டும் காட்டில் அவள் குதிரை ஓட்டுவாள், குறி பார்த்து அம்பு விடுவாள். நார்வேயில் அதை வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு டிவியில் போடுகிறார்கள். எப்படித் தெரியுமா? க்நூட் ரிசான் என்கிற ஒரே ஒரு ஆண் குரல், சிண்ட்ரெல்லாவுக்கும் சித்திக்கும் இளவரசனுக்கும் எல்லோருக்கும் சேர்த்துப் பேசும். தொழில் ரீதியாகப் பார்த்தால் இது டப்பிங்கே இல்லை. ஆனால் அங்கே வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் இல்லாவிட்டால் அது அந்தப் படமே கிடையாது. நீங்கள் தமிழ் டப்பிங்கில் பார்த்திருந்தால் முதலில் தமிழில்தான் பாருங்கள், உதடு ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை. மூலமொழி இரண்டாவது முறைக்கு இருக்கட்டும்.

எல்லாவற்றையும் பழைய மாதிரியே தேடிப்பிடிக்க முடியாது. தேவையும் இல்லை. நீங்கள் பார்த்தது எந்த வடிவம், இப்போது கையில் இருப்பது எந்த வடிவம் என்ற இரண்டும் தெரிந்தால் போதும். ஓடும் நேரத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் பிடிபடும்.

டிவியைக் கொஞ்சம் கவனியுங்கள்

இது சின்ன வேலை. புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் ஒரு செட்டிங் இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாயக்கோட்டை எல்லாம் சீரியல் செட் மாதிரி தெரியும். 1950களுக்கு முந்திய படம் சதுரமாகத்தான் இருக்கும், இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும். திரையை நிரப்புகிறேன் என்று இழுத்தால் ராஜகுமாரி குண்டாகிவிடுவாள், ஜூம் செய்தால் தலை வெட்டுப்படும். பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். விளக்கை அணையுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

யாரோடு பார்ப்பது

முதல் தடவை தனியாக. இதில் எனக்குச் சமரசமே இல்லை. பக்கத்தில் வேறு யாராவது இருந்தால் படத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவருக்குப் பிடிக்கிறதா என்று கவலைப்படுவீர்கள், அவர் சிரிக்காத இடத்தில் படத்துக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்பீர்கள். இந்தப் படத்தைப் பார்த்திராத கணவரையோ மனைவியையோ பக்கத்தில் உட்கார வைப்பது அநேகமாக இரண்டு பேருக்கும் தண்டனை.

குழந்தைகளோடு பார்ப்பது வேறு விஷயம், அதை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் "இப்போ பாரு, இப்போ பாரு" என்று முன்கூட்டியே அறிவிக்கக் கூடாது, நிறுத்தி நிறுத்தி விளக்கவும் கூடாது. அவர்களுக்குப் போரடித்தால் எழுந்து போகட்டும். உங்களுக்குப் பிடித்தது அவர்களுக்கும் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, நிர்ப்பந்தித்துப் பார்க்க வைத்த படத்தை எந்தக் குழந்தையும் பிற்காலத்தில் தேடிப்போகாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அவர்கள் பயப்படும் இடமும் நீங்கள் தாளில் எழுதிய இடமும் ஒன்றா என்று. பல நேரம் ஒன்றாக இருக்காது.

ஓட ஆரம்பித்ததும்

முதல் இருபது நிமிடம் இழுக்கும். பழைய படங்களில் டைட்டில் முழுவதும் முன்னாலேயே வரும், கதைப்புத்தகம் ஒன்று மெதுவாகத் திறக்கும், ஒரு குரல் நிதானமாகக் கதை சொல்லும். இப்போதைய வேகத்துக்குப் பழகிய கண் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அந்த நேரத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம். நிறுத்தத்தான் போகிறீர்கள் என்றால் பாதிப் படம் தாண்டியாவது நிறுத்துங்கள்.

பார்க்கும்போது குறிப்பெடுக்க வேண்டாம், ஆனால் சில கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அப்பா எங்கே போனார் என்பது. குழந்தையாக இருந்தபோது நம் கோபம் எல்லாம் சித்தி மேலேயே போய்விடும், அப்பாவைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டோம். இப்போது பாருங்கள். ஸ்னோ ஒயிட் படத்தில் அவர் கண்ணிலேயே படுவதில்லை. டிஸ்னியின் சிண்ட்ரெல்லாவில் கதை தொடங்குவதற்கு முன்பே செத்துப்போகிறார். பியூட்டி அண்ட் தி பீஸ்ட் பழைய கதையில் அவர் ரோஜாவைப் பறித்துவிட்டு வர, அதற்கான விலையை மகள் கொடுக்கிறாள். காட்டில் கைவிடப்படும் ஹேன்சல், கிரெட்டல் கதையில் அவர் மனமில்லாமல் சம்மதிக்கிறார். இந்த வகைக் கதைகளில் அப்பாக்கள் செத்திருப்பார்கள், ஊரில் இருக்க மாட்டார்கள், அல்லது கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். ஒருமுறை இது கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் எல்லாப் படத்திலும் படும்.

யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பதும் மாறியிருக்கும். 1989இன் தி லிட்டில் மெர்மெய்ட் படத்தில் கடற்கன்னி ஏரியலுக்கு வயது பதினாறு. அன்று கத்திக்கொண்டே இருக்கும் அப்பாவாகத் தெரிந்த டிரைட்டன், இன்று, பதினாறு வயதுப் பெண் முன்பின் தெரியாத ஒருவனுக்காகக் குரலையே எழுதிக்கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் என்ன செய்வது என்று புரியாமல் நிற்கும் மனிதராகத் தெரிவார். அதற்காக அவர் மகளின் சேகரிப்பை எல்லாம் உடைத்து நொறுக்கியது சரியாகிவிடுமா? ஆகாது. இரண்டு பேர் பக்கமும் ஒரே நேரத்தில் நிற்க முடிவதுதான் வயதானதில் கிடைத்த லாபம்.

பயந்த காட்சி வரும்போது ஓட்டிவிட வேண்டாம். சத்தத்தோடு முழுவதும் பாருங்கள். பிறகு பின்னால் போய் அதே காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். 1937இன் ஸ்னோ ஒயிட் காட்டுக்குள் ஓடும் காட்சியில் மரங்களுக்குக் கண் முளைக்கும், கிளைகள் கைகளாகி உடையைப் பிடித்து இழுக்கும், சுற்றிலும் கண்கள் மட்டும் மினுங்கும்; கடைசியில் பார்த்தால் அவை சின்னச் சின்னக் காட்டு மிருகங்கள். சத்தமில்லாமல் பார்க்கும்போது பயத்தில் எவ்வளவு பங்கு இசையும் வெட்டும் சேர்ந்து செய்த வேலை என்று தெரியும், நினைவில் வெகுநேரம் ஓடிய காட்சி எவ்வளவு சின்னது என்றும் தெரியும். நெவர்எண்டிங் ஸ்டோரியில் ஆர்டாக்ஸ் என்ற குதிரை சோகத்தின் சதுப்பில் மூழ்கும் இடம் மட்டும் இந்தச் சோதனைக்கு மசியவில்லை. சத்தத்தை அணைத்தாலும் அது அப்படியேதான் இருக்கிறது.

கைவேலையைப் பார்ப்பதற்கென்று இன்னொரு முறை உட்காரலாம். ஆஸ் படத்தில் மந்திரவாதியாக வரும் ஃபிராங்க் மோர்கன் அதே படத்தில் மொத்தம் ஐந்து வேடம் கட்டியிருக்கிறார். பண்ணையில் வேலை செய்யும் மூன்று பேர்தான் பிறகு சோளக்கொல்லை பொம்மையாகவும் தகர மனிதனாகவும் சிங்கமாகவும் வருகிறார்கள். குழந்தைக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். வண்ணத்துக்குள் கதவு திறக்கும் இடத்தில், வீட்டின் உட்புறத்தையே பழுப்பு நிறத்தில் பூசி, பழுப்பு உடை போட்ட ஒரு டூப்பை நிறுத்தி, முழுவதையும் வண்ணப் பிலிமில் எடுத்திருக்கிறார்கள். டோரத்தியின் செருப்பு, எல். ஃபிராங்க் பாம் (Baum) எழுதிய 1900ஆம் ஆண்டு மூலக்கதையில் வெள்ளி, வண்ணப் பிலிமில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது மாணிக்கச் சிவப்பானது. ஸ்னோ ஒயிட் படத்தின் இளவரசன் ஆரம்பத்தில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் மட்டும் வந்து போவதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு: மனித ஆணை நம்பும்படி வரைந்து அசைய வைப்பது அன்றைய ஓவியர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. காதல் ஏன் இப்படி அவசரமாக முடிகிறது என்று திட்டுவதற்கு முன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நெளிய வைக்கும் இடங்கள்

வரும். நிச்சயம் வரும். தூங்கும் பெண்ணை ஒருவன் முத்தமிடுவது, கெட்டவர்கள் எல்லாம் கருப்பாகவோ குண்டாகவோ கூனாகவோ இருப்பது, அழகாக இருப்பதே நல்லவள் என்பதற்கு அத்தாட்சியாவது, வீட்டு வேலையைச் சிரித்துக்கொண்டே செய்தால் இளவரசன் வருவான் என்பது. இந்த இடத்தில் "அந்தக் காலம் அப்படி" என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். உடனே படத்தைத் தூக்கிக் குப்பையில் போடுவதும் அதே அளவு சோம்பேறித்தனம்தான்.

எனக்கு உதவியது, அந்த இடம் மூலக்கதையில் எப்படி இருந்தது என்று பார்ப்பது. தூங்கும் அழகி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் பசிலே எழுதி 1630களில் வெளியான வடிவத்தில், தூங்கும் பெண்ணை ஒரு ராஜா பலாத்காரம் செய்துவிட்டுப் போகிறான், அவள் தூக்கத்திலேயே இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். பிரெஞ்சில் பெரோல்ட் 1697இல் எழுதியபோது இளவரசன் பக்கத்தில் மண்டியிடுகிறான், சாபத்தின் காலம் முடிந்து அவள் விழிக்கிறாள், முத்தமே கிடையாது. ஜெர்மனியில் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களிடம் வரும்போது முத்தம் வருகிறது. ஸ்னோ ஒயிட்டுக்கோ கிரிம் கதையிலும் முத்தம் இல்லை. சவப்பெட்டியைத் தூக்கிப்போகும்போது தட்டுத்தடுமாறியதில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது, பெண் எழுந்து உட்காருகிறாள். முத்தம் சினிமா சேர்த்தது. ஆக, ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு உறுத்தியதை எடுத்துவிட்டு, தனக்கு இனித்ததைச் சேர்த்திருக்கிறது. இன்று முத்தம் உங்களை நெளிய வைக்கிறது என்றால், அந்த வரிசையில் அடுத்து நீங்கள் நிற்கிறீர்கள். குழந்தைக்குக் கதை சொல்லும்போது மாற்றிச் சொல்லிக்கொள்ள உங்களுக்கும் உரிமை உண்டு, பெரோல்ட்டுக்கு இருந்த அதே உரிமை.

பார்த்து முடித்த பிறகு

அன்று இரவே இணையத்தில் போய்த் தீர்ப்பு எழுத வேண்டாம். தாளை எடுத்து ஒப்பிடுங்கள். நினைவில் இருந்து படத்தில் இல்லாதவை முதலில், ஏனென்றால் அவைதான் சுவையானவை. சில வேறொரு படத்திலிருந்து வந்து கலந்திருக்கும், சில புத்தகத்திலிருந்து, சில பாட்டியோ அண்ணனோ சொன்ன கதையிலிருந்து. சில எங்கிருந்தும் வந்திருக்காது, உங்கள் சொந்தச் சரக்கு. அடுத்து, படத்தில் இருந்து நினைவில் சுத்தமாக இல்லாதவை. வசனமாகப் பேசிக்கொண்டே போகும் காட்சிகள், அரண்மனை அரசியல், பெரியவர்களுக்காக வைத்த ஜோக்குகள் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் சேரும்.

அப்புறம் மூலக்கதையைப் படியுங்கள், குழந்தைகளுக்காகச் சுருக்கியதை இல்லை, முழு வடிவத்தை. படம் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டதைப் பல கதைகள் பத்துப் பக்கத்துக்குள் முடித்திருக்கும். ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னி கதையில் அவள் நாக்கே அறுக்கப்படுகிறது, தரையில் வைக்கும் ஒவ்வொரு அடியும் கத்தி மேல் நடப்பது போல வலிக்கிறது, இளவரசன் வேறு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். மரப்பொம்மைப் பையன் பினோக்கியோவின் கதையை இத்தாலிய எழுத்தாளர் கொல்லோடி தொடராக எழுதியபோது, பதினைந்தாவது அத்தியாயத்தில் பொம்மையை மரத்தில் தொங்கவிட்டுக் கதையை முடித்துக்கொண்டார், பிறகுதான் தொடர்ந்து எழுதினார். அறிவுரை சொல்ல வந்த சில்வண்டைப் பினோக்கியோ அதற்கு வெகு முன்பே சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறான். கிரிம்மின் 1812 முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பது சித்தி கூட இல்லை, பெற்ற தாய். 1819இல்தான் அதைச் சித்தியாக மாற்றினார்கள். ஆலிபாபா கதையைப் படித்துப் பாருங்கள், ஜாடிகளுக்குள் ஒளிந்திருக்கும் திருடர்கள் மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றி வீட்டைக் காப்பாற்றுவது அடிமைப் பெண்ணான மர்ஜியானாதான். கதைக்குப் பெயர் கொடுத்த ஆலிபாபா அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரே கதை உலகம் முழுக்க எத்தனை வடிவத்தில் இருக்கிறது என்று தேட விரும்புகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி: நாட்டார் கதைகளை ஆய்வு செய்பவர்கள் ஒவ்வொரு கதை வகைக்கும் ஏடியு (ATU) எண் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். சிண்ட்ரெல்லா 510ஏ, ஸ்னோ ஒயிட் 709, தூங்கும் அழகி 410, சிவப்புத் தொப்பிச் சிறுமி 333. அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் வேறு வேறு மொழிகளில் இருக்கும் உறவுக்கார வடிவங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு ராத்திரித் தூக்கம் போய்விடும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

நிஜ நடிகர்களை வைத்து எடுத்த புது ரீமேக்கை என்ன செய்வது? பாருங்கள், ஆனால் குறைந்தது ஒரு மாதம் இடைவெளி விட்டு. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால் முன்பு சொன்ன அதே தொல்லைதான், காட்சிகள் கலந்துபோகும், எது எதில் வந்தது என்று தெரியாமல் போகும். பழையதில் நெருடிய எந்தெந்த இடத்தைப் புதியதில் சரிசெய்யப் பார்த்திருக்கிறார்கள், சரிசெய்யப் போய் எதைக் கெடுத்தார்கள் என்று மட்டும் பார்த்தால் ரீமேக்கும் சுவாரசியமாகவே இருக்கும். தியேட்டருக்கே வராமல் நேராக வீடியோவாக வந்த இரண்டாம் பாகம், மூன்றாம் பாகங்களை மனசாட்சி உறுத்தலே இல்லாமல் விட்டுவிடலாம், சின்ன வயதில் அவற்றையும் உயிராகப் பார்த்தவராக நீங்கள் இருந்தாலொழிய. அப்படியென்றால் அதற்கும் ஒரு தாள் எடுங்கள்.